குளவி மண்

சென்னையில் சொன்ன தொகை
ஒரு லட்சத்து எழுபதாயிரம்.
பெட்டியையே மாற்றணும் சார்,
திறந்து பார்ப்பதெல்லாம் இப்போது கிடையாது
என்றது போனில் ஒரு மெல்லிய குரல்.
வண்டியை நான் வாங்கிய விலையே
அதைப்போல் இருமடங்குதான்.

இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பேனா மை நீலம்.
மன்னார்குடி உரக்கடைக் கணக்கனுக்கு இது எதற்கு
என்று கேட்காதவர் பாக்கியில்லை.
வேகத்தடை வந்தால்
ஒவ்வொரு சக்கரமாக
ஈரத்தில் கால்வைக்கும் பூனைபோல் கடப்பேன்.
ஆனாலும் வடுவூர் ஏரிக்கரையில்
மூன்றாவது கியரில் ஓர் உறுமல் இருக்கிறதே,
அதற்காகத்தான்.

இரவில் வண்டிக்கடியில்
டிவிப்பெட்டி அட்டையை விரிப்பேன்.
தீபாவளிக்கு மூன்று சொட்டு.
கார்த்திகையில் ஒன்பது.
பொங்கலன்று எண்ண வரவில்லை,
தேன் நிறத்தில் ஒரே குளம்,
அழுகிய முட்டை வாடை.
இரண்டாவது கியர் முனகத் தொடங்கியிருந்தது.

மாசியில் திருத்துறைப்பூண்டி சாலை
பாதி நெல்லுக்குச் சொந்தம்.
எதிரே பேருந்து. ஒதுங்கி நின்றேன்,
நெல்மேல்.
கிளம்பும்முன் நெல் தள்ளும் பலகையோடு
ஒரு பெண் முன்னால் வந்து நின்றாள்.
"இறங்குங்க."
கை நிறைய அள்ளிக் காட்டினாள்:
எண்ணெய் பூசிய பொன்னி.
"எந்த யாவாரி எடுப்பான் இத?
நீங்க திம்பீங்களா?"

முந்நூறு ரூபாய்.
இடுப்பில் செருகிக்கொண்டபின்
தையல்நாயகிக்குக் கோபமில்லை.
குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாள்.
"இந்த ஒழுக்கு ஒழுகுது. எங்க மச்சான்
அறுப்பு மிசின் பாக்குறவரு, போய்க் காட்டுங்க."

நான்கு அறுவடை இயந்திரங்கள்
வாயைப் பிளந்து நிற்க
நடுவே என் வண்டி, திருவிழாக் கடைப் பொம்மை.
வேதரெத்தினம் இரண்டு மணி நேரம்
திரும்பியே பார்க்கவில்லை.
பிறகு வந்து டீசலால் கழுவினான்,
காற்றடித்தான்,
வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்:
"பாப்பா பவுடர எடுத்தா!"
பெட்டி முழுக்கப் பூசிவிட்டான்,
குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பூசுவதுபோல்.
"ஆலத்தம்பாடி வரைக்கும் போயிட்டு வாங்க."

போய் வந்தேன்.
வெள்ளையில் ஒரே ஓர் ஈரக்கோடு,
வலது அச்சு நுழையும் இடத்திலிருந்து.
"சீலுதான். ஆனா சீலு சும்மா போவாது"
என்று மேலே, கை போகாத இடத்தில்
டார்ச் அடித்தான்.
சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய்,
பெட்டி மூச்சுவிடும் வழி.
அதன் வாயை அடைத்து,
உருட்டி உருட்டி வைத்த களிமண்.
எந்த வயலிலிருந்து சுமந்து வந்ததோ
அந்தக் குளவி.

பழைய கிளட்ச் ஒயரின் ஓரிழையால் குத்தினான்.
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.
போக வழியில்லாத சூடு
பலமில்லாத இடம் தேடியிருக்கிறது,
வெள்ளத்தில் ஆறு
கரையின் எலிவளையைத் தேடுவதுபோல்.

"கூடு கட்டுனா வீட்ல விசேஷம்பாங்க.
வண்டிக்கு எத்தினியாவது மாசம்?"
என்றார் ஆத்தூர் டிரைவர்.
எல்லோரும் சிரித்தார்கள், நான் கடைசியாக.

பவர்டில்லர் சீல் ஒன்று அளவுக்குப் பொருந்தியது.
மூன்றாவதாக எடுத்தது.
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினான்:
சீல் நூற்று நாற்பது,
ஆயில் ஆயிரத்து நூறு,
கூலி எண்ணூறு.
"பவுடர் டப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க,
புள்ள அழுவும்."

பங்குனி முழுக்க அட்டை சுத்தம்.
நேற்று காலை ஒரு சொட்டு.
வயிறு கலங்கியது.
விரலால் தொட்டேன், முகர்ந்தேன்,
நாக்கு நுனியில்கூட வைத்தேன்.
தண்ணீர்.
ஏசியிலிருந்து வந்த தண்ணீர்.
மேட்டூர் மூடி, வாய்க்கால் வெடித்துக் கிடக்கும் நாளில்
முறை வைக்காமல் என் வாசலுக்கு வந்தது.

டப்பாவை இன்னும் வாங்கித் தரவில்லை.
அந்தப் பக்கம் போகும்போது
இரண்டாவது கியரிலேயே போகிறேன்.